வளையல் சத்தம் கேட்கவில்லையாம்

சாட்ஸ்வொர்த்,
டர்பன்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அங்கேயும் நலம்தானே என்று வழக்கம்போல ஒரு வரி போட்டுவிட்டு மற்றதைத் தொடங்கியிருப்பேன், உன் தம்பி விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்ததும், "அக்கா கையில் வளையல் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றும்போது போனைக் கீழே வைத்துவிட்டு ஊற்றினாள். ஒரு கையால்தான் எல்லாம் செய்கிறாள்" என்றான். "கழற்றி வைத்திருப்பாள், சும்மா இருடா" என்று அம்மா அவன் வாயை அடைத்தாள். புதன்கிழமை டோங்காட்டிலிருந்து பெரியம்மா போன் செய்து, பிள்ளைக்கு மாவுக்கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்று கேட்டாள்.

டோங்காட்டுக்குத் தெரிந்தது சாட்ஸ்வொர்த்துக்குத் தெரியவில்லை. சரி, இருக்கட்டும்.

நான் கோபத்தில் எழுதவில்லை. வயதான காலத்தில் இவர்களை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்திருப்பாய். ஆனால் மறைத்து வைத்தால்தான் எங்களுக்குப் பயம் அதிகம் என்பது இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

இங்கே சார்டின் வந்துவிட்டது. தென்கரைப் பக்கம் வலை போட்டு இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உன் மாமா போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார். குழாயில் தண்ணீர் வராத நாளாகப் பார்த்துக் கொண்டுவந்து இறக்கினார், வாளித் தண்ணீரில் அத்தனையையும் கழுவினோம். அம்மா மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி முள் மொறுமொறுக்கும்வரை பொரித்தாள். முள்ளையும் சேர்த்துக் கடித்துத் தின்பதில்தான் கால்சியம். நீ அங்கே டின் சார்டின் வாங்கினாலும் முள்ளை எடுத்துப் போடாதே. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். காலையில் கறுப்புக் காபியும் மத்தியானம் சாலடும் தின்றால் அதில் பாதிகூட வராது.

விஷயத்துக்கு வருகிறேன். குளியலறையில் வழுக்கினால் யாருக்கும் அடிபடும்தான். ஆனாலும் உன் வயதில், நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தால், ஏன் உடைந்தது என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அதுவும் நம் வீட்டுப் பிள்ளைக்கு. கட்டுப் போட்ட டாக்டரிடம் தம்பியின் எலும்பு நோயைப் பற்றிச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? எலும்பு அடர்த்திக்கான டெக்சா ஸ்கேன் எடுத்துக்கொள். வலிக்காது, ஊசி கிடையாது, படுத்துக் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

போனில் சொன்னால் "ஓகே அப்பா, ஓகே அப்பா" என்பாய். அதனால்தான் கடிதம். தமிழ்ப் பள்ளியில் நீ வாங்கிய கோப்பை இன்னும் ஹாலில் இருக்கிறது, தமிழ் படிக்க வரவில்லை என்று தப்பிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் என் உயிரியல் வகுப்புக்கு வராமல் கணக்குப் பக்கம் ஓடியவள் நீ. இப்போது உட்கார்ந்து கேள்.

தம்பியின் ரிப்போர்ட்டில் எல்.ஆர்.பி.5 என்று இருக்கிறதே, அது 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. அதிலிருந்து உண்டாகும் புரதம் செல்லின் சவ்வில் குறுக்காகச் செருகியிருக்கும். பெரும்பகுதி வெளியே, வால் மட்டும் உள்ளே. இந்த மாதிரி வெளிச் செய்தியை வாங்கி உள்ளே அனுப்புகிற புரதத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர். எல்.ஆர்.பி.5 தனியாக வேலை செய்யாது. பக்கத்தில் ஃபிரிசில்ட் என்று இன்னொரு ஏற்பி நிற்கும். விண்ட் என்ற புரதம் வெளியிலிருந்து வந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் செய்தி உள்ளே போகும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் திறக்கிற இரும்புக் கேட் மாதிரி. மற்ற நேரமெல்லாம் செல்லுக்குள்ளே பீட்டா-கேட்டனின் என்ற புரதம் உண்டாக உண்டாக அழிந்துகொண்டே இருக்கும். செய்தி வந்ததும் அந்த அழிப்பு நிற்கும். பீட்டா-கேட்டனின் சேர்ந்து உட்கருவுக்குள் போய், எலும்பு கட்டுவதற்கான மரபணுக்களை எழுப்பிவிடும். நமக்கெல்லாம் முப்பது வயதுவரை எலும்பு சேர்வதில் இதற்குப் பெரிய பங்கு. அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான்.

தம்பிக்கு இந்த மரபணுவின் இரண்டு நகலும் கெட்டுப்போனவை. ஒன்று என்னிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து.

இந்த நோய்க்குக் காரணம் இந்த மரபணுதான் என்று தெரிந்ததே 2001-இல்தான். அமெரிக்காவில் மேத்யூ வார்மன் என்பவரும் பல நாட்டு டாக்டர்களும் சேர்ந்து, குருடும் எலும்பு உடைவதும் ஒன்றாக வரும் குடும்பங்களின் ரத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் நம் கேப் டவுன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் பைட்டனும் அவர் கூட்டாளிகளும் 1985-இல், எலும்பு நொறுங்கும் நோயில் கண்ணையும் தாக்கும் ஒரு வகை என்று இதை எழுதியிருக்கிறார்கள். தம்பி பிறந்தபோது இதெல்லாம் எங்களிடம் சொல்ல யாருமில்லை. உன் ஆயாதான் அவனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கண்மணி நடுவில் வெள்ளையாக என்னமோ தெரிகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் முதலில் புற்றுநோய் என்றே பயந்தார்கள், ஒரு டாக்டர் கண்ணையே எடுத்துவிடலாம் என்றுகூடப் பேசினார். பிறகு நாப்கின் மாற்றும்போது தொடை எலும்பு உடைந்தது. உன் அம்மாவைத் தனியறையில் உட்காரவைத்து, பிள்ளையை என்ன செய்தாய் என்று கேட்டார்கள். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. நடைபாதையில் என் மடியில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாய்.

எலும்புக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நீ ஒரு தடவை கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது, இப்போது சொல்கிறேன். கருவில் இருக்கும்போது லென்சுக்கு ஊட்டம் கொடுக்கக் கண்ணுக்கு நடுவில் ரத்தக் குழாய்கள் ஓடும். பிறப்பதற்குள் அவை வேலை முடிந்து வற்றிவிட வேண்டும். அதே காலத்தில் விழித்திரையின் சொந்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரம்வரை படர வேண்டும். விழித்திரையில் நோரின் என்ற புரதம் சுரந்து, ரத்தக் குழாய்ச் செல்லின் மேலிருக்கும் ஃபிரிசில்ட்-4, எல்.ஆர்.பி.5 இரண்டையும் பிடித்துத்தான் அந்த வேலையை நடத்துகிறது. எலும்பில் வேலை செய்கிற அதே ஏற்பிதான், ஆனால் பிடிக்கிற கை வேறு, கட்டுகிற பொருள் வேறு. ஏற்பி இல்லாவிட்டால் வற்ற வேண்டிய குழாய் வற்றாது, படர வேண்டியது படராது. ஆயா பார்த்த வெள்ளை அதுதான். எல்.ஆர்.பி.5 இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள், அவற்றுக்கும் எலும்பும் குறைவு, கண்ணில் பழைய குழாயும் அப்படியே.

இப்போது உன் பங்கு. கூடப் பிறந்தவனுக்கு நோய் இருந்து, உனக்கு இல்லையென்றால், கெட்ட நகல் ஒன்று உன்னிடம் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இந்தக் கணக்கை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நகல் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது என்றுதான் முதலில் எங்களிடமும் சொன்னார்கள். ஆனால் ஒரு நகல்காரர்களுக்கும் எலும்பு கொஞ்சம் குறைவாக இருப்பதை அந்த 2001 ஆராய்ச்சியே சொல்லிவிட்டது. அம்மாவின் இடுப்பு ஸ்கேனில் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.8 வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு என்று கணக்கு. எனக்கு மைனஸ் 1.9. ஆயாவின் முதுகு வளைந்ததை வயது என்றோம், கரும்புக் கட்டு தூக்கியது என்றோம். உன் மணிக்கட்டையும் தரை ஈரம் என்று விட்டுவிடாதே.

கண்ணையும் பார். ஒரு நகல் மட்டும் கெட்டிருந்தாலே சிலருக்கு விழித்திரை ஓரத்தில் குழாய் போகாத இடம் இருக்கும். பார்வை நன்றாகவே இருக்கும், அவர்களுக்கே தெரியாது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டுவது இதற்குப் போதாது. சொட்டு விட்டுப் பாவையை விரித்து, விழித்திரை டாக்டர்தான் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் லேசர் வைத்து மேலே கெடாமல் நிறுத்தப் பார்ப்பார்கள். குழந்தை பிறந்தால் அதற்கும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். யாருக்குப் பிறந்தாலும் சொல்கிறேன், பொதுவாக.

இந்த ஏற்பியைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் சில குடும்பங்களில் இதே எல்.ஆர்.பி.5-இல் 171-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு எழுத்து மாற்றத்தால் அவர்கள் எலும்பு சாதாரண ஆட்களைவிட ரொம்ப அடர்த்தி. 2002-இல் வெளிவந்தது. நம் நாட்டிலேயே இன்னொன்று. ஸ்கிளிரோஸ்டியோசிஸ் என்று ஒரு நோய், உலகத்தில் அதிகமாக இருப்பது இங்கே டச்சு வழி வெள்ளையரான ஆப்பிரிக்கானர்களிடம். எலும்பு வளர்ந்துகொண்டே போகும். ஆள் உயரம், தாடை கனம், சிலருக்கு விரல்கள் ஒட்டியே பிறக்கும். மண்டை ஓடு தடித்து நரம்பை நெருக்கிக் காது போகும், முகம் ஒரு பக்கம் இழுக்கும், மூளைக்கே இடமில்லாமல் போகும். காரணம், எலும்புக்குள் இருக்கும் செல்கள் சுரக்கிற ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் அவர்களிடம் இல்லை. ஸ்கிளிரோஸ்டினுக்கு வேலையே எல்.ஆர்.பி.5 மீதும் அதே மாதிரி இன்னொரு ஏற்பியான எல்.ஆர்.பி.6 மீதும் ஒட்டிக்கொண்டு, விண்ட் சொல்வதைக் கேட்கவிடாமல் தடுப்பது. தடுக்க ஆளில்லாவிட்டால் எலும்பு கட்டுவது நிற்காது. ஒரு நகல்காரர்களுக்கு நோய் கிடையாது, எலும்பு மட்டும் கெட்டி. நமக்கு வந்ததும் ஒரு நகல், அவர்களுக்கு வந்ததும் ஒரு நகல், பார் அதிர்ஷ்டத்தை!

அவர்களைப் பார்த்துத்தான் ஸ்கிளிரோஸ்டினைக் கட்டிப்போடும் ரோமோசோசுமாப் ஊசியே வந்தது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மாதம் ஒன்றாக ஒரு வருஷம். மாரடைப்பு, பக்கவாதம் வந்து ஒரு வருஷம் முடியாதவர்களுக்கு ஆகாது என்று எச்சரிக்கையும் போட்டார்கள், அதனால் அம்மாவுக்குக் கேட்கவே நான் தயங்குகிறேன். தம்பிக்கு எல்.ஆர்.பி.5 இல்லையே, பயன்படுமா என்று யோசித்தேன். எலிகளில் எல்.ஆர்.பி.5 இல்லாமலேயே இந்த வகை மருந்துக்கு எலும்பு கூடியிருக்கிறது, 6 மிச்சம் இருப்பதால். எலிக்கு ஆனது மனிதனுக்கு ஆகிவிடாது. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அவன் ஃபைலில் வைத்திருக்கிறேன்.

அம்மா ஞாயிறு காலையில் எலும்புக்கான அந்த வாராந்திர மாத்திரையைப் போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் அரை மணி நேரம் நிற்பாளே, படுக்கக் கூடாது, காபி குடிக்கக் கூடாது என்று, அந்த வகை மருந்தை அங்கே யாராவது உனக்கு எழுதிக் கொடுத்தால் உடனே வாங்கி விழுங்காதே. அது வருஷக்கணக்கில் எலும்பிலேயே தங்கும். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு டாக்டர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள். அப்படி ஏதாவது எண்ணம் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தாயின் எலும்பிலிருந்தும் கால்சியம் இறங்கும். பெரும்பாலானவர்களுக்குப் பிறகு திரும்பி ஏறிவிடும். முதலிலேயே குறைவாக இருந்தால்தான் கவனம் வேண்டும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளி சமயத்தில் நீ அம்மாவிடம் அந்த வளைகாப்புப் புடவை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாயாம். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லையாம். அம்மா சொன்னாள். அது உங்கள் இரண்டு பேர் விஷயம்.

ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று. கல்யாணப் பந்தியில் மெரிபேங்க் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளையின் ஆயாவும் நம் ஆயாவும் மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புத் தோட்டத்து பாரக்ஸில் ஒரே வரிசை வீடு, ஒன்றுவிட்ட அக்கா தங்கை முறை என்று. எல்லோரும் நல்ல பொருத்தம் என்று சந்தோஷப்பட்டோம். இப்போதும் சந்தோஷம்தான், அவர் தங்கமான பிள்ளை. அவரும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டால் நல்லது. அவரிடம் அந்த நகல் இல்லையென்றால் தம்பிக்கு வந்த மாதிரி யாருக்கும் வராது. இரண்டு பேரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு. தெரிந்துகொள்வது முன்னாலேயே என்றால் யோசிக்க நேரம் இருக்கும். அவரிடம் எப்படிச் சொல்வது என்று உனக்குத்தான் தெரியும். மாமனார் சொன்னார் என்று சொல்லாதே.

மாமன் மகளைக் கட்டியதால்தான் இதெல்லாம் என்று உன் சித்தப்பா கூட்டத்தில் வைத்துச் சொன்னார் ஒரு தடவை. நெருங்கிய உறவில் கட்டினால் ஒரே கெட்ட நகல் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம், உண்மைதான், நானே வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்தவன். அதற்காக உன் அம்மாவைக் கட்டியதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, படப்போவதும் இல்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே, அப்புறம் சார்டின் கழுவ என்னையே அனுப்புவாள்.

இதுவரை எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். வழக்கம்போல லோட்டஸ் எஃப்எம்மைச் சத்தம் குறைத்துவிட்டுக் கேட்டான். நாலில் ஒரு பங்கு என்ற இடம் வந்ததும், "அக்காவுக்கு என்னை மாதிரி ஒன்று பிறந்தால் என்ன? எனக்கு என்ன குறை?" என்றான். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "கண்ணைப் பற்றி நீ ரொம்ப எழுதியிருக்கிறாய். நான் பார்த்ததே இல்லை, எனக்கு அது ஒன்றும் தெரியாது. எலும்பைப் பற்றி எழுது. வலிப்பது அதுதான்" என்றான். பிறகு வலது கையா, எந்த விரல்வரை கட்டு, ராத்திரி தூக்கம் வருகிறதா, கட்டுக்குள் அரித்தால் ஸ்கேல் விட்டுச் சொறியக் கூடாது என்று அக்காவிடம் சொல்லு என்றான். கட்டுப் போட்டுக்கொள்வதில் நம் வீட்டில் அவனைவிட அனுபவசாலி கிடையாது, அவன் சொல்வதைக் கேள். நீ போர்டு பரீட்சை பாஸ் செய்த அன்றைக்குத் தெரு முழுக்கச் சொன்னது நான் இல்லை, அவன்தான். அவனிடமாவது நீ மறைக்காமல் இருந்திருக்கலாம்.

ஆக, டெக்சா. கண் டாக்டர். மாப்பிள்ளைக்கு ரத்தம். மூன்றையும் செய்துவிடு. முதலில் டெக்சா.

தம்பியின் மரபணு ரிப்போர்ட் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். ரத்தம் கொடுக்கும்போது கட்டாயம் அதையும் கொடுங்கள். எந்த இடத்தில் பிழை என்று அதில் இருக்கிறது, லேப்காரர்கள் நேராக அந்த இடத்தைப் பார்த்துவிடலாம். பெரியம்மா மகளிடம் கொடுத்தனுப்பலாம் என்றாள் அம்மா. வேண்டாம் என்று கூரியரில் அனுப்புகிறேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு மத்தியானம் மூன்று மணி என்றால் எங்களுக்குக் காலை ஒன்பது. தம்பி கோயிலுக்குக் கிளம்புவதற்குள் கூப்பிடு. வீடியோவில் கூப்பிடு, அம்மா கையைப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உன் வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் பேப்பரில் டி-ஸ்கோரைப் பார்க்கக் கூடாது, இசட்-ஸ்கோர்தான். உன் வயதுப் பெண்களோடு ஒப்பிடுவது அது. மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே என்றால் எனக்கு உடனே போன் செய். மேலே என்றாலும் செய்.